வாசல்வரை வந்த வேகம்



பிழைப்பைத் தேடிச் சொந்த ஊரைவிட்டு மும்பை, டெல்லி, பெங்களூரு, புனே, சூரத் போன்ற நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இன்று இணைய இணைப்பு ஓர் ஆடம்பரமன்று. வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் ஆகியவற்றோடு ஒரே தாளில் எழுதப்படும் மாதச் செலவு அது. மகன் வீட்டிலிருந்தபடியே அலுவலக வேலை பார்க்கிறான். மகள் கணினியின் முன் அமர்ந்து தேர்வு எழுதுகிறாள். தாயார் ஊரிலிருக்கும் தம் அம்மாவின் முகத்தைத் திரையில் கண்டு பேசுகிறார். ஞாயிற்றுக்கிழமை இரவில் எஸ்.டி.டி. பூத்தின் முன் வரிசையில் நின்று, ஓடுகிற மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேசிய தலைமுறைக்கு இது எத்தனை பெரிய மாற்றம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் பல இல்லங்களில் ஒரே முறையீட்டைக் கேட்கிறேன். "ஐயா, அதிக வேகமுள்ள திட்டத்துக்கு மாறிவிட்டோம். மாதந்தோறும் கூடுதல் பணமும் கட்டுகிறோம். ஆனாலும் பையனின் அறையில் எல்லாம் முன்போலத்தான் இருக்கிறது" என்கிறார்கள். உடனே அடுத்த பெரிய திட்டத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறார்கள். பொறுங்கள். மறுபடியும் பணம் கட்டுவதற்குமுன், வாசல்வரை வந்த வேகம் வீட்டுக்குள் எந்த இடத்தில் தங்கிவிடுகிறது என்று பார்த்தீர்களா?

ஊரில் வயல் வேலை அறிந்த பெரியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஏரி நிறைந்திருக்கலாம், வாய்க்காலும் அகலமாயிருக்கலாம். ஆனால் மடை ஒரு சாண் அகலமே என்றால் வயலுக்கு ஒரு சாண் தண்ணீர்தான் பாயும். ஏரியை இன்னும் ஆழமாக வெட்டுவதால் பயனில்லை, மடையைத் திறக்கவேண்டும். நம் வீடுகளில் அந்த மடையாக இருப்பது, பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் தூசி படிந்து கிடக்கும் ஒரு சிறிய பெட்டி. அதற்குப் பெயர் நெட்வொர்க் சுவிட்ச்.

சுவிட்ச் செய்யும் வேலை

சுவிட்ச் என்றவுடன் விளக்கைப் போடும் பொத்தானை எண்ணவேண்டாம். இது உள்ளங்கை அளவுள்ள பெட்டி. ஐந்து அல்லது எட்டுத் துளைகள் வரிசையாக இருக்கும். கடையில் "ஐந்து போர்ட் சுவிட்ச்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ரூட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை இதற்குக் கொண்டுவந்தால், மற்ற நான்கு துளைகளிலிருந்து கணினி, தொலைக்காட்சி, பிரிண்டர் என நான்கு கருவிகளுக்கு இணைப்பைப் பிரித்துக் கொடுக்கலாம்.

இதற்கு முன்னிருந்த கருவி ஹப். அது எப்படிப்பட்டதென்றால், அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நின்றுகொண்டு ஒரு வீட்டுக்குரிய செய்தியை எல்லா வீட்டாருக்கும் கேட்கும்படி கூவுகிற மனிதரைப் போன்றது. ஒரே நேரத்தில் இரண்டு பேர் கூவினால் இருவர் சொன்னதும் எவருக்கும் விளங்காது. சுவிட்ச் அப்படியல்ல. எந்தத் துளையில் எந்தக் கருவி இருக்கிறது என்பதை அந்தக் கருவியின் முகவரியைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்கிறது. பிறகு உரிய வீட்டுக் கதவை மட்டும் தட்டிச் செய்தியைக் கொடுக்கிறது. ஆகவே மகனின் கணினியும் தந்தையின் பிரிண்டரும் ஒன்றையொன்று தடுக்காமல் ஒரே நேரத்தில் இயங்குகின்றன.

இதன் வரலாற்றில் நமக்கு மகிழ்ச்சி தரும் ஒரு செய்தியும் உண்டு. கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் என்னும் முறை 1973 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்காஃபும் டேவிட் போக்ஸும் அதை உருவாக்கினார்கள். அதன் வேகம் நொடிக்கு மூன்று மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவு. எல்லாக் கணினிகளும் ஒரே கம்பியைப் பகிர்ந்துகொண்டன. அந்த நெருக்கடிக்குத் தீர்வாக 1990 ஆம் ஆண்டு ஏழு துளைகளுள்ள ஈதர்நெட் சுவிட்ச் விற்பனைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த நிறுவனத்தின் பெயர் கல்பனா. அதை நிறுவிய இருவரில் ஒருவரான வினோத் பரத்வாஜ் இந்திய வம்சாவளியினர். தம் மனைவியின் பெயரையே நிறுவனத்துக்குச் சூட்டினார். 1994 ஆம் ஆண்டு சிஸ்கோ நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. பெரிய அலுவலகங்களுக்கென்று பிறந்த அந்தக் கருவிதான் இன்று ஒரு குடும்பத்தின் இரண்டு வேளை உணவகச் செலவுக்கு நம் வீட்டு மேசையில் வந்து அமர்ந்திருக்கிறது.

பெட்டியின்மேலுள்ள எண்

சுவிட்சின் அடியிலோ அட்டைப் பெட்டியிலோ ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். நாம் வாசிக்கவேண்டியது அதை மட்டுமே. "10/100" என்றிருந்தால் அதன் உச்ச வேகம் நொடிக்கு 100 மெகாபிட். "10/100/1000" என்றிருந்தால் 1000 மெகாபிட். இதையே கிகாபிட் சுவிட்ச் என்கிறோம். தோற்றத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒரே நிறுவனம் ஒரே வடிவில் இரண்டையும் விற்கிறது. மாதிரி எண்ணில் ஓர் எழுத்து மட்டும் வேறுபடும்.

பழைய 100 மெகாபிட் சுவிட்சை வாங்கி வைத்தவர்மேல் குற்றமில்லை. 2004 ஆம் ஆண்டு நம் மத்திய அரசு வகுத்த கொள்கையில், நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அது பிராட்பேண்ட் எனப்பட்டது. அந்த நாட்களில் 100 மெகாபிட் சுவிட்ச் வெளியிலிருந்து வரும் வேகத்தைப்போல் ஏறத்தாழ 400 மடங்கு பெரிய மடை. 2023 ஆம் ஆண்டில் அந்தக் குறைந்தபட்ச அளவு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. இன்று நகரங்களில் கண்ணாடி இழை வழியே 100, 200, 300 மெகாபிட் திட்டங்கள் சாதாரணமாகக் கிடைக்கின்றன. வெளியே வாய்க்கால் அகலமாகிவிட்டது. உள்ளே மடை அப்படியே இருக்கிறது. சுவிட்சுக்குள் சுழலும் பாகம் எதுவுமில்லை, எளிதில் பழுதாவதில்லை. ஆகையால் அதை மாற்றவேண்டும் என்கிற எண்ணமே நமக்கு எழுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிற வீட்டில், 100 மெகாபிட் சுவிட்சின் வழியாக இணைக்கப்பட்ட கணினிக்கு நடைமுறையில் 95 மெகாபிட்டுக்கு மேல் கிடைக்காது. அதை அறியாமல், மாதம் 300 ரூபாய் கூடுதலாகக் கட்டி அடுத்த திட்டத்துக்கு மாறினால், ஓராண்டில் 3,600 ரூபாய் செலவாகும். கணினிக்கோ அதே 95 தான். ஐந்து துளைகளுள்ள கிகாபிட் சுவிட்சை ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் முதல் இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். அதுவும் ஒரே முறை செலவு.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுவோம். இணைய நிறுவனங்கள் வேகத்தை மெகாபிட்டில் சொல்கின்றன. கணினி கோப்பின் அளவை மெகாபைட்டில் காட்டுகிறது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட் மட்டுமே. "நூறு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டு தருகிறார்கள்" என்று சண்டைக்குப் போகவேண்டாம். வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு 20 கிகாபைட் அளவுள்ள திருமண வீடியோவை அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். 100 மெகாபிட் சுவிட்சில் குறைந்தது 27 நிமிடம் ஆகும். கிகாபிட் சுவிட்சில் ஏறக்குறைய மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

இதை வாசிக்கிற எல்லாரும் உடனே கடைக்குப் போகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இருப்பவை கைபேசிகள் மட்டுமே என்றால் உங்களுக்குச் சுவிட்ச் தேவையில்லை. கம்பியில் இணைக்கவேண்டிய கருவிகள் இரண்டோ மூன்றோதான், அவையும் ரூட்டருக்கு அருகிலேயே இருக்கின்றன என்றால், ரூட்டரின் பின்புறமுள்ள துளைகளே போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: சில இணைப்புப் பெட்டிகளில் நான்கு துளைகளில் ஒன்று மட்டுமே கிகாபிட், மற்றவை 100 மெகாபிட். எது எதுவென்று இணைப்பு கொடுக்க வந்த தொழிலாளரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் திட்டம் 40 அல்லது 50 மெகாபிட் என்றால், கிகாபிட் சுவிட்சை வைத்தாலும் இணைய வேகம் கூடாது. ஒருவர் பெரிய திரைப்படத்தை இறக்கும்போது மற்றவரின் காணொலிக் கூட்டம் தடைபட்டால், அங்கே குறுகலாயிருப்பது வெளி இணைப்பு. அதற்கு மருந்து சுவிட்சன்று. இறக்கும் வேலையை இரவு பதினொரு மணிக்குப்பின் வைத்துக்கொள்கிற சகோதரப் பொறுமை.

அப்படியானால் யாருக்குத் தேவை? வீட்டிலிருந்து வேலை செய்கிறவர், இணையவழித் தேர்வு எழுதுகிற பிள்ளை, நேர்முகத் தேர்வைத் திரையில் சந்திக்கிற இளைஞர் ஆகியோர் இருக்கிற வீட்டுக்குத் தேவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பது வீடுகளில் நாற்பது வைஃபை ரூட்டர்கள் ஒரே காற்றைப் பகிர்ந்துகொள்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றே. சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டாரின் ரூட்டர் உங்கள் பிள்ளையின் தேர்வு நேரத்தை அறியாது. கம்பியோ உங்களுடையது, அதில் வேறெவரும் குறுக்கிட முடியாது.

ஆகவே ஓர் எளிய விதியை வைத்துக்கொள்ளுங்கள்: இடம்பெயராத கருவிகளுக்குக் கம்பி, கையிலெடுத்து நடக்கிற கருவிகளுக்கு வைஃபை. தொலைக்காட்சி, மேசைக் கணினி, அலுவலக மடிக்கணினி மூன்றையும் சுவிட்சில் இணைத்துவிட்டால், கைபேசிகளுக்கும் காற்றில் இடம் கிடைக்கும். பல ஸ்மார்ட் தொலைக்காட்சிகளின் துளை 100 மெகாபிட் வேகமே உடையது. அதைக் குறித்துக் கவலைப்படவேண்டாம். மிகத் தெளிவான 4கே படத்துக்கே 25 மெகாபிட் போதும்.

கவனிக்கவேண்டிய மூன்று காரியங்கள்

முதலாவது, கம்பி. சுவிட்சைப் புதிதாக வாங்கிவிட்டுப் பழைய கேபிளையே மாட்டினால் பாதிப் பிரயாசம் வீண். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிகள் போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிகளும் வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் இணைப்பு 100க்கு இறங்கிவிடும், அல்லது கிடைக்காமலே போகும். சில வீடுகளில் கேபிளை மிச்சப்படுத்துவதற்காக ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கருவிகளுக்குக் கொடுத்திருப்பார்கள். அங்கே எத்தனை விலையுயர்ந்த சுவிட்சை வைத்தாலும் கிகாபிட் வராது.

கேபிளின் மேலுறையில் கேட்-5இ அல்லது கேட்-6 என்று அச்சிட்டிருக்கவேண்டும். வீட்டுக்குக் கேட்-5இ போதும். அது 100 மீட்டர்வரை கிகாபிட்டைத் தாங்கும். புதிதாக வாங்குகிறவர் கேட்-6 வாங்கலாம். ஆனால் உள்ளிருக்கும் உலோகத்தைப் பாருங்கள். அலுமினியக் கம்பியின்மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள்கள் சந்தையில் நிறைய உண்டு; உறையில் சி.சி.ஏ. என்றிருக்கும். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாய்த் தெரியும். அது எளிதில் ஒடியும். மின் தடையும் கூடுதல். முழுச் செம்புக் கேபிளையே கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, இணைக்கும் முறை. இணைய நிறுவனத்தின் கம்பி முதலில் ரூட்டருக்குச் செல்லவேண்டும், ரூட்டரிலிருந்து சுவிட்சுக்கு. ரூட்டர் இல்லாமல் நேரடியாகச் சுவிட்சில் செருகிவிட்டு, "ஒரு கணினியில் மட்டும் வருகிறது, மற்றதில் வரவில்லை" என்று திகைக்கிறவர்கள் உண்டு. முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுப்பது ரூட்டரின் வேலை. சுவிட்ச் அதைச் செய்வதில்லை. அடுத்து, ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிடாதீர்கள். செய்தி சுற்றிச் சுற்றி வந்து பெருகி, வீட்டிலுள்ள இணைப்பு முழுவதும் நின்றுபோகும். வீட்டைச் சுத்தம் செய்யும்போது தொங்குகிற நுனியைக் கண்டு, நல்லெண்ணத்தோடு காலியான துளையில் செருகிவிடுகிறவர்களால் இது நிகழ்கிறது.

மூன்றாவது, மின்சாரம். சுவிட்சோடு வரும் அடாப்டர் 5, 9 அல்லது 12 வோல்ட் எனக் கருவிக்குக் கருவி மாறும். முனை ஒன்றுபோலவே இருக்கும். ரூட்டரின் அடாப்டரை எடுத்துச் சுவிட்சில் மாட்டினால் கருவி எரிந்துபோகலாம். வாங்கிய அன்றே அடாப்டரில் ஒரு காகிதத்தை ஒட்டிப் பெயர் எழுதிவையுங்கள். மேலும், மின்தடைக்கென்று ரூட்டரை இன்வெர்ட்டரில் வைத்திருப்பவர்கள் சுவிட்சையும் அதிலேயே வையுங்கள். தேர்வின் நடுவே மின்சாரம் போய், ரூட்டர் ஓடிக்கொண்டிருந்தும் சுவிட்ச் நின்றுவிட்டால் பிள்ளைக்குப் பயனென்ன? மின்கட்டணத்துக்கு அஞ்சவேண்டாம். இது ஏறக்குறைய 3 வாட் எடுக்கும்; இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு இரண்டு யூனிட்டைச் சற்றே தாண்டும்.

மொட்டை மாடியிலிருந்து செம்புக் கேபிள் வழியே இணைப்பு வருகிற வீடுகளில், மழைக்காலத்து இடி மின்னலின்போது அந்தக் கேபிளைக் கழற்றி வைப்பது நல்லது. மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே இறங்கி ரூட்டர், சுவிட்ச், கணினி மூன்றையும் கெடுத்துவிடக்கூடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது.

கடையில்

மும்பையில் லாமிங்டன் ரோடு, டெல்லியில் நேரு பிளேஸ், பெங்களூருவில் எஸ்.பி. ரோடு என்று ஒவ்வொரு நகரத்திலும் இதற்கொரு கடைத்தெரு உண்டு. டி.பி.-லிங்க், டி-லிங்க், நெட்கியர், டெண்டா போன்ற பெயர்களில் கிகாபிட் சுவிட்சுகள் கிடைக்கின்றன. வீட்டுத் தேவைக்கு இவற்றினிடையே பெரிய வேறுபாடில்லை. உத்தரவாதம் எத்தனை ஆண்டு, பழுதானால் மாற்றித் தரும் இடம் உங்கள் நகரத்தில் எங்கே என்று கேளுங்கள், பில் வாங்குங்கள். பிளாஸ்டிக் உடலைவிட உலோக உடல் வெப்பத்தை நன்றாக வெளியேற்றும். கணினி வழியே கட்டுப்படுத்தும் மேனேஜ்டு சுவிட்ச் உங்களுக்கு வேண்டாம். கேபிளிலேயே மின்சாரம் அனுப்பும் பி.ஓ.இ. வகையும், கண்காணிப்புக் கேமரா வைப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு வேண்டாம். அலுவலகங்களிலிருந்து கழித்துவிட்ட 24 துளைப் பழைய சுவிட்ச் மலிவாய்க் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அதன் விசிறிச் சத்தத்தில் ஓர் அறை வீட்டில் ஒருவரும் உறங்க முடியாது.

"இதைவிட வேகமானது இருக்கிறது, 2.5 கிகாபிட்" என்று கடைக்காரர் சொல்லலாம். 2016 ஆம் ஆண்டு அதற்கான தரம் வகுக்கப்பட்டது. பழைய கேட்-5இ கேபிளிலேயே ஓடுவது அதன் சிறப்பு. ஆனால் கணினியின் துளையும் மறுமுனையிலுள்ள கருவியும் 2.5 கிகாபிட்டாக இருந்தால்தான் பலன். விலையும் சாதாரணக் கிகாபிட் சுவிட்சைப்போல் சில மடங்கு. நாள்தோறும் பெரிய வீடியோக்களை வேறொரு சேமிப்புக் கருவிக்கு அனுப்பித் தொகுக்கும் தொழில் செய்கிறவருக்கு அது கருவி. மற்றவர்களுக்கு அது ஆசை.

துளையில்லாத மெல்லிய மடிக்கணினிக்கு யு.எஸ்.பி. வழியாக லேன் துளை தரும் சிறு கருவி வாங்கவேண்டியிருக்கும். அதிலும் "10/100/1000" என்னும் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். மலிவான ஒன்றை வாங்கினால், பெரிய மடையைத் திறந்துவிட்டு அடுத்த வரப்பில் அடைத்ததுபோலாகும்.

எல்லாவற்றையும் இணைத்தபின் கணினியின் நெட்வொர்க் அமைப்புப் பக்கத்தில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000/1000 என்றிருந்தால் வேலை முடிந்தது. 100/100 என்றிருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். குற்றம் பெரும்பாலும் அங்கேதான்.

பிரியமானவர்களே, வாடகை வீட்டில் வாழ்கிற நமக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வீடு மாறும்போது சுவரில் பதித்ததைப் பெயர்த்தெடுக்க முடியாது. சுவிட்சையும் கேபிளையும் சுருட்டிப் பெட்டியில் போட்டு எடுத்துச் செல்லலாம். ஆகவே சுவரைத் துளைத்து உரிமையாளரிடம் மனஸ்தாபம் தேடாமல், சுவரோரமாகச் சிறு கிளிப்புகளால் கேபிளைக் கொண்டுசெல்லுங்கள். மின்சாரக் கம்பி செல்லும் குழாய்க்குள் மட்டும் அதை நுழைக்கவேண்டாம்.

"இணைப்பு விட்டுப்போயிற்று" என்று ஓர் இளைஞன் நேர்முகத் தேர்வில் சொல்லும்போது, எதிரே இருப்பவர் மறுவாய்ப்பு தருவார் என்பதற்கு உறுதியில்லை. நேரம் ஓடும் தேர்வும் ஒரு பிள்ளைக்காக நின்று காத்திருப்பதில்லை. வீட்டுக்கு ஒரு மேசை, அந்த மேசைக்கு ஒரு நல்ல கம்பி என்பது இன்று பிள்ளைகளுக்கு நாம் செய்துகொடுக்கக்கூடிய ஏற்பாடு. இந்த வாரம் ஒரு மாலையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, தொலைக்காட்சிப் பெட்டியை நகர்த்தி, பின்னாலிருக்கும் அந்தச் சிறிய பெட்டியைத் துடைத்து, அதன் அடியிலுள்ள எண்ணை வாசியுங்கள். பெரிய திட்டத்துக்குப் பணம் கட்டுவதா வேண்டாமா என்பதை அதன்பின் தீர்மானிக்கலாம்.